வேடிக்கையும் பராக்கும்

விடுமுறை நாளில் குடும்பத்தோடு இரயிலேறி வெளியூர் போய்வரும் பழக்கம் மும்பைத் தமிழர்க்குப் புதியதன்று. மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் வாழும் நம் குடும்பங்கள், கோடையில் ஊருக்குச் செல்லும் நெடும் பயணம் நீங்கலாக, ஆண்டில் ஓரிரு முறையேனும் காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பும் சிறு பயணம் ஒன்றை மேற்கொள்கின்றன. புளியோதரைப் பொட்டலம், தண்ணீர்ப் புட்டி, தரையில் விரிக்க ஒரு பழைய போர்வை, இவற்றோடு குழந்தைகளுக்கென்று தனியே ஒரு பை. அந்தத் தனிப் பையைப் பற்றியதே இக்கட்டுரை.

அப்பையில் ஒரு காலத்தில் படக்கதைப் புத்தகமும், தாயக்கட்டையும், ஆரஞ்சு மிட்டாயும், சாவி கொடுத்தால் ஓடும் பொம்மையும் இருந்தன. இன்று பை சுருங்கி உள்ளங்கை அளவுள்ள கைப்பேசியாகிவிட்டது. பொருள் மாறினும் நோக்கம் மாறவில்லை. வழியில் குழந்தை சலிப்படையக் கூடாது; சலிப்படைந்தால் அழும்; அழுதால் நமக்கும் பிறர்க்கும் தொல்லை. ஆகவே குழந்தையை இடைவிடாது மகிழ்வித்துக்கொண்டே செல்வது நம் கடமை என்று கருதுகிறோம். அது உண்மையிலேயே கடமைதானா? கடமை எனின் யாருடைய கடமை? அற்பமான வினாக்கள் போலத் தோன்றும் இவ்விரண்டும் என்னைச் சில ஆண்டுகளாக உறுத்தி வருகின்றன.

தமிழில் இதற்கு இரு சொற்கள் உள்ளன. குழந்தைக்கு வேடிக்கை காட்டுதல் என்கிறோம்; பராக்குக் காட்டுதல் என்றும் சொல்கிறோம். பேச்சு வழக்கில் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வருவதும் உண்டு. ஆயினும் ஊன்றி நோக்கினால் இவை எதிரெதிர்த் திசைகளில் செல்லும் சொற்கள். பராக்கு என்பது கவனம் பிறழ்தல். ஊசி போட மருத்துவர் நெருங்கும்போது, தாய் குழந்தையின் முகத்தைத் திருப்பிச் சுவரிலிருக்கும் பல்லியைக் காட்டுகிறாளே, அது பராக்கு. முன்னிருப்பதிலிருந்து கண்ணை அகற்றுவது அதன் வேலை. வேடிக்கையோ முன்னிருப்பதன் மேல் கண்ணைச் செலுத்துவது. தேர் வருகிறது பார், யானை வருகிறது பார் என்று தோளில் தூக்கி வைத்துக் காட்டுவது வேடிக்கை. பராக்குக் காட்டுகிறவர் தாம் எதையும் பார்க்க வேண்டியதில்லை. வேடிக்கை காட்டுகிறவரோ குழந்தையோடு சேர்ந்து தாமும் பார்த்தாக வேண்டும்.

பராக்குத் தீயது என்று நான் சொல்ல வரவில்லை. ஊசியின் வலியை ஒரு நொடி மறக்கச் செய்வது அன்பின் செயலே. நிலாவைக் காட்டிச் சோறூட்டும் தாய் இரண்டையும் ஒருங்கே செய்கிறாள். சோற்றை மறக்கச் செய்வது பராக்கு. வானத்தை அறியச் செய்வது வேடிக்கை. நம் முன்னோர் அந்தக் காட்சியை எவ்வளவு உயர்வாக மதித்தனர் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்று. அதன் பத்துப் பருவங்களுள் ஏழாவதாகிய அம்புலிப் பருவம், குழந்தையோடு விளையாட வா என்று நிலாவையே அழைப்பதாக அமைந்தது. எட்டாத பொருளை நோக்கிக் குழந்தையின் பார்வையை உயர்த்துவதை ஓர் இலக்கியப் பருவமாகவே வகுத்துவிட்ட மரபு நம்முடையது.

அப்படியாயின் குழந்தையை மகிழ்விப்பது பெற்றோர் கடமை என்று நம் அறநூல் கூறுகிறதா? திருக்குறளின் 7-ஆம் அதிகாரம் மக்கட்பேறு. அதன் பத்துக் குறட்பாக்களையும் படிப்போர்க்கு ஒரு செய்தி புலனாகும். குழந்தையின் உடல் தம்மீது படுவதும், அதன் மழலை காதில் விழுவதும், அதன் பிஞ்சுக் கை துழாவிய உணவை உண்பதும் பெற்றோர்க்கு இன்பம் என்கிறார் வள்ளுவர். இன்பம் குழந்தையிடமிருந்து பெற்றோரை நோக்கி வருகிறது. தந்தை செய்யத் தக்கதாக அவர் கூறுவது, கற்றோர் அவையில் முன்னிற்கும் தகுதியை மகனுக்கு உண்டாக்குவது. குழந்தைக்குப் பொழுது போக்கிக் காட்டுவது அவ்வதிகாரத்தில் கடமையாகச் சொல்லப்படவில்லை. அதற்குத் தேவையிருந்திராது என்றே எண்ணத் தோன்றுகிறது. தெருவும், வாய்க்காலும், பாட்டியும், பக்கத்து வீட்டுத் திண்ணையும் அவ்வேலையைப் பார்த்திருக்கும்.

புலம்பெயர்ந்து வந்த நமக்கு அந்தத் திண்ணை இல்லை. ஓர் அறையும் சமையற்கட்டும் கொண்ட குடியிருப்பில், மூன்றாம் மாடியில், பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் இடையே குழந்தை வளர்கிறது. ஊர் முழுவதும் பகிர்ந்து செய்த வேலை இரண்டே மனிதர் தலையில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், வந்து விழுகிறது. ஆறு நாள் தர முடியாததை ஏழாம் நாளில் தந்துவிட வேண்டும் என்ற பதைப்பினால்தான் அந்தத் தனிப் பை அவ்வளவு கனக்கிறது.

1988-ஆம் ஆண்டு ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அப்படியொரு பையோடு புறப்பட்டேன். அப்போது முலுண்டில் குடியிருந்தோம். மகளுக்கு வயது 7, மகனுக்கு 4. நேரல் வரை மின்சார இரயில், அங்கிருந்து மாத்தேரான் மலைக்குக் குட்டி இரயில். 1907-இல் தொடங்கிய அந்த மலை இரயில், இரண்டடி அகலமே உள்ள தண்டவாளத்தில் சுமார் 20 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஏறுவது. தனியார் மோட்டார் வண்டி நுழையாத ஊர் மாத்தேரான். குழந்தைகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

நாங்கள் சென்ற பாதையின் முதற்பகுதி வரலாற்றுப் புகழ் கொண்டது. 1853 ஏப்ரல் 16 அன்று போரிபந்தரிலிருந்து தாணா வரை 34 கிலோமீட்டர் ஓடிய வண்டியே இந்தியாவின் முதற் பயணிகள் இரயில். அன்று அந்த வண்டியே வேடிக்கை. மக்கள் திரண்டு நின்று பார்த்தனர். பின்னர் இரயில் பழகிப்போய், அதனுள் அமர்ந்து வெளியே பார்ப்பது வேடிக்கையாயிற்று. தாணாவைத் தாண்டியதும் எங்கள் வண்டி பார்சிக் சுரங்கத்தில் புகுந்தது. 1916-இல் திறக்கப்பட்ட அச்சுரங்கம் ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. இருள் சூழ்ந்ததும் பெட்டியிலிருந்த குழந்தைகளெல்லாம் ஒருசேர ‘ஓ’வென்று கூவினர். என் பிள்ளைகளும் கூவினர். அவர்களுக்கு அன்று கிட்டிய முதல் மகிழ்ச்சி என் பையிலிருந்து வந்ததன்று.

கலியாண் வருவதற்குள் பை தீர்ந்துவிட்டது. படக்கதையை மகள் இருமுறை படித்து முடித்தாள். பொம்மையின் சாவியை மகன் ஒடித்தான். மிட்டாய்க்காகச் சண்டை மூண்டது. வாங்கணியைக் கடந்த பின் வண்டி வயல்வெளியின் நடுவே நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது. அரை மணி கழிந்தது. கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. மகள் சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அந்தச் ‘சும்மா’ எனக்கு அச்சமூட்டியது. இனி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. சற்று நேரம் கழித்து, “அப்பா, அந்தக் கறுப்புச் சிடியாவுக்கு வால் ஏன் இரண்டாக இருக்கிறது?” என்று கேட்டாள்.

அறுவடையான வயலில் எருமை ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதன் முதுகில் பிளந்த வாலோடு ஒரு பறவை. நான் அதைப் பார்த்தேன். பெயர் நாக்கின் நுனி வரை வந்து நின்றுவிட்டது. திருநெல்வேலிச் சீமையில் வயற்காட்டில் வளர்ந்தவன் நான். அந்தப் பறவையின் பெயரை மும்பைக்கு வந்து பதினைந்து ஆண்டுகளாக ஒருமுறைகூட உச்சரிக்கவில்லை. ஒரு நிமிடம் திணறிய பிறகுதான் ‘கரிச்சான்’ என்ற சொல் வந்தது. “இது கரிச்சான். எருமை நடக்கும்போது புல்லிலிருந்து பூச்சிகள் கிளம்பும். அவற்றைப் பிடிப்பதற்காக முதுகில் ஏறி வருகிறது” என்றேன். எதிரே காய்கறிக் கூடையோடு அமர்ந்திருந்த மராத்திய மூதாட்டி என் விரல் சென்ற திசையைப் பார்த்துவிட்டு, “கோத்வால்” என்றார். காவல் அதிகாரி என்பது அதன் பொருள். தன் கூட்டை நெருங்கும் காக்கையையும் பருந்தையும் துரத்தியடிக்கும் பறவை அது. அதனால் பிற சிறு பறவைகள் அதன் அருகே கூடு கட்டுவதுண்டு. இதை அவர் மராத்தியில் சொல்ல, நான் தமிழில் பெயர்க்க, இருவர்க்கும் நடுவே மகள் கண் விரியக் கேட்டுக்கொண்டிருந்தாள். திருப்பாவையில் வரும் ஆனைச்சாத்தன் இப்பறவையே என்று அறிஞர் சிலர் கூறுவது என் நினைவுக்கு வந்தது, அதையும் சொன்னேன். பிறகு எங்கள் ஊர் வயல், என் தந்தை, நெல் அளக்கும் மரக்கால் என்று பேச்சு வளர்ந்தது. வண்டி எப்போது புறப்பட்டது என்று தெரியவில்லை.

மாத்தேரானில் எந்தெந்தக் காட்சிமுனைக்குப் போனோம் என்பது எனக்கு இன்று தெளிவாக நினைவில்லை. கரிச்சான் நினைவிருக்கிறது.

இந்நிகழ்ச்சியிலிருந்து நான் ஒரு கொள்கையை உருவாக்கிக்கொண்டேன். குழந்தையின் சலிப்பு தீர்க்கப்பட வேண்டிய நோயன்று. அது ஒரு வாசல். கையில் ஒன்றுமில்லாத போதுதான் கண் வெளியே செல்கிறது; கண் சென்ற இடத்தில் கேள்வி பிறக்கிறது; கேள்விக்கு விடையாக மொழி வருகிறது. பிற மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துக்கு இது வெறும் பொழுதுபோக்குச் செய்தியன்று. நம் குழந்தை பள்ளியில் ஆங்கிலம் கேட்கிறது. விளையாடும் இடத்தில் இந்தியும் மராத்தியும் பேசுகிறது. வீட்டிலோ, சாப்பிடு, குளி, படி, தூங்கு என்னும் நான்கு வினைச்சொற்களுக்குள் நம் தமிழ் அடங்கிவிடுகிறது. போகவும் வரவும் நான்கு மணி நேரம் அருகருகே அமர்ந்து செல்லும் இரயில் பயணம்தான் பெற்றோரின் மொழியைக் குழந்தை அதிக நேரம் கேட்கக்கூடிய வாய்ப்பு. அந்த நான்கு மணியையும் பராக்கினால் அடைத்துவிட்டால், கரிச்சான் என்ற சொல்லைக் குழந்தை பெறாது. அதைவிடக் கொடியது ஒன்றுண்டு: நாமும் அதை மறந்துவிடுவோம். அன்று மகள் கேட்காதிருந்தால் நான் மறந்தே போயிருப்பேன்.

உடன் பயணம் செய்வோரின் உரிமை என்னவாயிற்று என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வியே. குழந்தை கத்தினால் அயலார்க்குத் துன்பம். அதைத் தடுப்பது நாம் பிறர்க்குச் செய்ய வேண்டிய கடமை. ஆனால் அதைக் குழந்தைக்குச் செய்யும் கடமையாக எண்ணி நம்மை ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. ‘அவனுக்காகத்தான் கொடுத்தேன்’ என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் நமக்காகத்தான் கொடுத்திருப்போம். மேலும், பராக்கு ஒருவரோடு முடிவது. வேடிக்கை பலரைச் சேர்ப்பது. திரையை நோக்கிக் குனிந்த குழந்தைக்கு எதிரே இருப்பவர் இல்லை. சன்னலுக்கு வெளியே கை நீட்டிக் கேட்கும் குழந்தைக்கோ, பெட்டியிலுள்ளோர் அனைவரும் ஆசிரியர்.

என் கொள்கை இவ்வாறு உறுதிப்பட்டிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறேன். சங்கக் கூட்டத்திலும் ஒருமுறை பேசியிருக்கிறேன். 2023 ஜனவரியில்தான் அதிலிருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது.

மழைச் சேதத்தால் 2019-இல் நின்றுபோன நேரல்–மாத்தேரான் இரயில் 2022 அக்டோபரில் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தது. அதில் போகலாம் என்று மகள் அழைத்தாள். இப்போது அவள் தாணாவில் வசிக்கிறாள். வாரம் ஆறு நாள் வேலை. அவளுடைய மகனுக்கு வயது 6. அவள் கணவர் வெளியூர் சென்றிருந்தார். நான், என் மனைவி, மகள், பேரன் ஆகிய நால்வரும் புறப்பட்டோம். வண்டியில் அமர்ந்ததும் பேரன் கைப்பேசி கேட்டான், மகள் கொடுத்தாள். கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. “வெளியே பார்க்கச் சொல்லம்மா. உனக்கு நான் கரிச்சான் காட்டினேனே, நினைவில்லையா?” என்றேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். கோபமின்றித்தான் சொன்னாள்: “நன்றாக நினைவிருக்கிறது, அப்பா. நீங்கள் எனக்குக் கரிச்சான் காட்டிய அந்த அரை மணி நேரமும் தம்பி எங்கே இருந்தான் தெரியுமா? அம்மா மடியில். அவனுக்கு வயிறு சரியில்லை. இருமுறை துணி மாற்றினாள். நீங்கள் வெளியே பார்த்தீர்கள். அம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் கேளுங்கள், அவள் அந்தப் பறவையைப் பார்த்தாளா என்று.”

நான் என் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரித்தாள். “நான் எங்கே பார்த்தேன்!” என்றாள்.

அந்த விடை என்னை நெடுநேரம் பேச விடவில்லை. இரயிலில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கட்டணமில்லை. 5 முதல் 12 வயது நிரம்பாதவர்க்கு அக்காலத்தில் அரைக் கட்டணம் இருந்தது. அன்று மகளுக்கு அரைச் சீட்டு வாங்கினேன்; மகனுக்குச் சீட்டு வாங்கவில்லை. சீட்டு இல்லாத குழந்தைக்குத் தனி இருக்கை இல்லை. அவனுக்கு இருக்கை தாயின் மடி. அந்த இருக்கைக்கு நான் விலை கொடுக்கவில்லை. அவள் கொடுத்திருக்கிறாள். என் பெருமைக்குரிய வேடிக்கையும் அவள் கொடுத்த விலையில்தான் நடந்திருக்கிறது. சலிப்பு ஒரு வாசல் என்று பேசிய நான், அந்த வாசலில் நிற்கும் ஓய்வு வீட்டில் யாருக்கு வாய்த்திருந்தது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

எனவே முன்பு எழுப்பிய வினாக்களுக்கு இப்போது வேறு விதமாக விடை சொல்ல முயல்கிறேன். குழந்தையை இடைவிடாது மகிழ்விப்பது கடமையாகாது. அது இயலாதது, நல்லதும் அன்று. குழந்தை கேட்கும்போது கூடப் பார்ப்பதும் விடை சொல்வதும் கடமை. அக்கடமை தாய்க்கு மட்டுமோ தந்தைக்கு மட்டுமோ உரியதன்று. அப்போது கை ஓய்ந்திருப்பவர் எவரோ அவருக்குரியது. ஆறு நாள் உழைத்தவள் ஏழாம் நாள் கண்ணயர்வதற்காகக் கைப்பேசியைக் கொடுத்தால், அவளைக் குறை கூற ஒருவர்க்கும் உரிமையில்லை. அருகில் சும்மா அமர்ந்திருக்கும் தாத்தாவுக்கு அறவே இல்லை. குறை கூறுவதற்கு முன் அவர் எழுந்து இடம் மாறி அமர வேண்டும்.

அதைத்தான் செய்தேன். மகளை உறங்கவிட்டுப் பேரனின் பக்கத்தில் போய் அமர்ந்தேன். கைப்பேசியைப் பிடுங்கவில்லை. “தாத்தாவுக்கும் காட்டு” என்றேன். திரையில் ஏதோ வண்டிப் பந்தயம். சற்று நேரம் நானும் பார்த்தேன். இரண்டு ஐயங்கள் கேட்டேன். அவன் மகிழ்ச்சியோடு விளக்கினான். கூடப் பார்த்தால் அதுவும் பாதி வேடிக்கையாகிவிடுகிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கலியாணுக்கு அப்பால் அவனுக்கே அலுத்துவிட்டது. கைப்பேசியை என் கையில் கொடுத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினான்.

கரிச்சான் ஒன்றும் அன்று தென்படவில்லை. வங்காளத்து நிலக்கரியோ வேறெதுவோ ஏற்றிய சரக்கு வண்டி ஒன்று எதிரே வந்தது. பெட்டிகளை எண்ணத் தொடங்கினான். இருபது வரை தமிழில் எண்ணினான். அதற்கு மேல் ஆங்கிலத்துக்குத் தாவினான். இருபத்தொன்று என்று நான் எடுத்துக் கொடுத்தேன். வண்டி முடிவதற்குள் நாற்பதைத் தாண்டிவிட்டோம்.

மாலையில் திரும்பும்போது, இடம் பிடிக்கும் நெருக்கடியில் சன்னலோர இருக்கை ஒன்றே கிடைத்தது. வழக்கம்போல் பேரன் அதை நோக்கி ஓடினான். மகள் அவனை நிறுத்தி, “இன்றைக்கு ஆச்சிக்கு” என்றாள். என் மனைவி வேண்டாமென்று மறுத்தாள், பிறகு உட்கார்ந்தாள். பேரன் அவளுக்கும் எனக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு அமர்ந்தான். வண்டி நேரலை விட்டு நகர்ந்தது. மேற்கே மலை முழுவதும் சிவந்திருந்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நாம் ஏறிப் போனது இதுதானா? இவ்வளவு உயரமா?” என்று கேட்டாள்.

அவளுக்கு விடை சொன்னவன் பேரன்.